முடியாதுன்னு எழுதித் தாங்க

சர்க்கார் ஆபீசுக்குப் போகிற நாளில் ரங்கூன் அக்கா பட்டுச்சேலை உடுத்துவாள். கருநீலத்தில் மெல்லிய சரிகைக் கரை போட்ட சேலை. அவளிடம் இருந்த ஒரே பட்டு அதுதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் உற்சவம் எதற்கும் அதைப் பெட்டியிலிருந்து எடுக்க மாட்டாள். ரேஷன் கார்டு கொடுக்கும் சப்ளை ஆபீசுக்கோ தாலுகா ஆபீசுக்கோ போக வேண்டுமென்றால் காலையிலேயே அது வெளியே வந்துவிடும்.

புருஷனை இழந்தவள் இப்படிப் பட்டுடுத்திக்கொண்டு தெருவில் போகலாமா என்று எங்கள் லைன் வீடுகளில் பேச்சு இருந்தது. அவள் காதிலும் அது விழாமல் இருந்திருக்காது. நான் ஒரு தடவை சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"கசங்கின சேலையில போனா, தலையைத் தூக்காமலே நாளைக்கு வாம்பாங்க. பட்டுல போனா நிமிர்ந்து பார்ப்பாங்க. நிமிர்ந்து பார்த்தவங்ககிட்டதானே பேச முடியும்?" என்றாள்.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், முற்றத்தில் பொதுக் கிணறு. என் வீட்டுக்காரர் ஒரு மிளகாய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். அறுபதுகளின் நடுவில், பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலத்தில், அக்கா பத்து வயது மகள் வசந்தாவோடு அடுத்த வீட்டுக்கு வந்தாள். ஒரு தகரப்பெட்டி, ஒரு ஜமுக்காளம், இரண்டு பேர். புருஷன் ரங்கூனிலேயே போய்விட்டார். அவருடைய பூர்வீகம் எங்கள் பக்கம், தக்கலைக்கு அருகே ஒரு ஊர். ஆனால் அந்த ஊரை அக்கா பார்த்ததே இல்லை. கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் தட்டெழுத்து தெரியும். ஆரியசாலையில் ஒரு பெரிய கடையில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகிற கடிதங்களை அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கப்பலில் பழக்கமான யாரோ சொல்ல, அந்தப் பேச்சை நம்பி வந்திருந்தாள். வேலை கிடைத்தது. மலையாளம்தான் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கு மலையாளம் எழுதப் படிக்க வரும். அதனால் அவள் ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் நான் கூடப் போவேன்.

முதலில் போனது ரேஷன் கார்டுக்கு. அந்த நாட்களில் வெளியே அரிசி கிடைப்பது குதிரைக்கொம்பு. கார்டு இல்லாத வீட்டில் கஞ்சியும் இல்லை என்ற நிலை. நாங்கள் போய் நின்றதும் குமாஸ்தா கேட்டார்: "பழைய கார்டு எவிடெ?"

பழைய கார்டு இல்லை, இவர்கள் ரங்கூனிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னேன்.

"அப்போ அவிடத்தெ ரேஷன் ஆபீசில்நின்னு பேரு வெட்டிய சர்ட்டிபிக்கெட் வேணம். அதில்லாதெ பற்றில்லா."

நான் அக்காவிடம் திருப்பினேன். ரங்கூன் ரேஷன் ஆபீசில் பெயரை நீக்கியதற்குச் சான்று வேண்டுமாம், அது இல்லாமல் முடியாதாம். அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றித் தாளின் மேல் குறுக்காக வைத்தாள்.

"சார் சொல்றது சரிதான். முடியாதுன்னு எழுதித் தாங்க. ரங்கூன்ல போய் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரணும்னு எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க. போதும்."

அவர் தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். வரிசையில் நின்ற யாரோ வாய்க்குள் சிரித்தார்கள்.

"எழுதான் ஒந்நுமில்லா. நிங்ஙள் இரிக்கூ" என்றார்.

எழுதுவதற்கு ஒன்றுமில்லை, உட்காருங்கள். நாங்கள் உட்கார்ந்தோம். அவர் உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். கப்பலில் வந்ததற்கான சீட்டைக் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. படிவத்தை நிரப்பும்போது, நாட்டுக்கு எப்போது திரும்பி வந்தீர்கள் என்று கேட்டார். அக்கா அதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் திரும்பி வரலை சார். நான் பொறந்ததே அங்கதான். நான் வந்திருக்கேன்."

இதை எப்படி மலையாளத்தில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வந்தார்கள் என்று போடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்தத் தாளும் பேனாவும் எத்தனையோ மேஜைகளில் ஏறி இறங்கின. வசந்தாவைச் சேர்க்கப் போன பள்ளிக்கூடத்தில், மின்சார ஆபீசில், தபாலாபீசில். முடியாது என்று வாயால் சொல்ல யாருக்கும் சிரமமில்லை. அதையே எழுது என்றால் கை வராது. எழுதினால் ஏன் முடியாது என்று எழுத வேண்டும். ஏன் என்று யோசித்துப் பார்த்தால் பாதி நேரம் காரணமே இருக்காது. அக்கா ஒரு நாளும் குரலை உயர்த்தினதில்லை. கெஞ்சினதும் இல்லை. எழுதிக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போய்விடுவேன் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதிக நேரம் யாராலும் இருக்க முடியாது.

இந்தப் பழக்கம் ஆபீசோடு நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் மார்கழியில் என்னைச் சுசீந்திரம் தேருக்குக் கூட்டிப்போவதாகச் சொல்வார். மார்கழி வந்ததும் மண்டியில் வேலை வந்துவிடும். நான் கிணற்றடியில் இதைச் சொல்லி முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, இந்தத் தடவை நிச்சயமாத் தேருக்குப் போறீங்களா?"

"போவோம் அக்கா. அதிலென்ன?"

"அப்போ எழுதித் தந்துடுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம், 'மனைவியைத் தேருக்கு அழைத்துச் செல்வேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வேடிக்கைக்குத்தான். ஆனால் அந்த மார்கழியில் போனோம். "எழுதிக் குடுத்தாச்சுல்லா, இனி என்ன செய்ய?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் மட்டும் அது வேடிக்கையாக முடியவில்லை. அவர் வயதான நாயர். நல்ல மனிதர். வாடகைக்கு வந்து நிற்கும்போதுகூட வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். எங்கள் கூரை ஓடுகள் உடைந்து, மழைக்காலத்தில் வீட்டுக்குள் பாத்திரம் வைக்க வேண்டியிருந்தது. அடுத்த மழைக்கு முன்னால் மாற்றித் தருகிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். அக்கா வந்த இரண்டாம் வருஷம் தாளை நீட்டிவிட்டாள்.

அவர் முகம் சிவந்துபோனது. "ஞான் பறஞ்ஞா போரே?" என்று கேட்டார். நான் சொன்னால் போதாதா?

அக்கா நீட்டிய தாளைக் கீழே இறக்கவில்லை. அவர் வெடுக்கென்று பேனாவை வாங்கி எழுதி, தாளை அவள் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனார். மழைக்கு முன்னால் வரிசை முழுவதும் புது ஓடு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் அக்காவிடம் நேராகப் பேசவில்லை. வாடகையை எங்கள் வீட்டில் கொடுத்துவிடச் சொல்வார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "என்னக்கா, அவ்வளவு நல்ல மனுசன்கிட்டப் போயி இப்பிடிச் செய்யலாமா? மனசு நொந்துல்லா போனாரு" என்றேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ரங்கூன்ல எங்க துணிக்கடையைச் சர்க்காருக்கு எடுத்துக்க வந்த ஆபீசரும் நல்லவர்தான். டீ குடிச்சார். வசந்தாவைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டார். கொஞ்ச நாளைக்குத்தான், திருப்பித் தந்துடுவோம், நான் வாக்குத் தர்றேன்னார். வசந்தா அப்பா அதை நம்பினார். எல்லாரும் கப்பல் ஏறினாங்க, இவர் ஏறலை. அவர் வாக்குக் குடுத்திருக்கார், வாக்குக் குடுத்திருக்கார்னு சொல்லிச் சொல்லியே நெஞ்சு வலி வந்து போயிட்டார்." முறத்தைத் தட்டிக் கல்லைப் பொறுக்கினாள். "கெட்டவங்க சொல்றதை யாரும்மா நம்பப் போறா? எனக்கு நல்லவங்க வாய்தான் பயம்."



வசந்தா படிப்பில் கெட்டி. கணக்கு அவளுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. பள்ளிக்குப் பின் இரண்டு வருஷம் படிக்கும் பிரீடிகிரி முடித்ததும் இன்ஜினீயரிங்குக்கு மனு போட்டாள். பெண்கள் ஒன்றிரண்டு பேர் மட்டுமே அந்தப் பக்கம் எட்டிப்பார்த்த காலம். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. அன்று லைன் வீடு முழுக்க ஒரே சந்தோஷம். நான்தான் கார்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். வரும்போது நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் கொண்டுவர வேண்டும். இந்த மாநிலத்துக்காரர்தான் என்று தாசில்தார் கொடுக்கும் சான்று. அது இல்லாதவருக்கு இடம் இல்லை.

நீலப்பட்டு வெளியே வந்தது. தாலுகா ஆபீசுக்குப் போனோம்.

குமாஸ்தா கேட்டார், பெண் எங்கே பிறந்தது? ரங்கூனில். தாய்? ரங்கூனில். தகப்பன்? அவரும் ரங்கூனில். தகப்பனுக்குத் தகப்பன்? தக்கலைப் பக்கம்.

"அது இப்போ தமிழ்நாடல்லே? நாகர்கோயிலில் போய் மேடிக்கூ." அங்கே போய் வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

அக்காவுக்கு இப்போது மலையாளம் புரியும். "அவர் கப்பல் ஏறும்போது அது திருவிதாங்கூர் சார். இதே ராஜா, இதே ஊர்தான் தலைநகரம்" என்றாள்.

அது அப்போது, இது இப்போது என்றார் அவர். அக்கா தாளை எடுத்து வைத்தாள். இங்கே அந்த வித்தை பலிக்கவில்லை. அவர் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து சாயா குடிக்கப் போய்விட்டார். தாசில்தாரைப் பார்த்தோம். அவரும் எழுதவில்லை. நாகர்கோவில் என்று மட்டும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வசந்தா சொன்னாள், "விட்டுடும்மா. இவ்வளவு அலைய வேண்டாம். நானும் கடையில டைப் அடிக்கிறேன். உனக்கும் கஷ்டம் குறையும்."

அக்கா பைக்குள் கையை விட்டாள். தாளை மகளின் முன்னால் தரையில் வைத்தாள். பேனாவைத் திறந்து மேலே வைத்தாள்.

"எனக்குப் படிப்பு வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா. நான் பேசாம இருந்துடறேன்."

வசந்தா தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் சொட்டித் தாள் நனைந்தது. பேனாவை அவள் தொடவில்லை. அக்கா வேறொரு நல்ல தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு முதல் பஸ். நீயும் வர்றியா?" என்று என்னைக் கேட்டாள்.

தக்கலைக்கு அருகே அந்த ஊரில் அக்காவின் புருஷனுக்குப் பெரியப்பா மகன் இருந்தார். அவர் வீட்டைக் கண்டுபிடித்தோம். தென்னையும் வாழையுமாக நல்ல வீடு. நாங்கள் யார் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. காப்பி வந்தது. கூடவே கேள்வியும் வந்தது.

"இத்தன வருசம் கழிச்சு வந்திருக்கிய. என்ன காரியம்? சொத்து சொகம்னு ஒண்ணும் இங்க பாக்கி கெடையாது, பாத்துக்கிடுங்க."

தாலுகா ஆபீசில் காட்ட, இவள் புருஷன் உங்கள் சித்தப்பா மகன்தான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்று நான் சொன்னேன்.

"அது மட்டும் நடக்காது. இன்னைக்கு ஒறவுன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்குப் பங்குன்னு வந்து நிப்பிய."

அக்கா காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரை ஓரமாக வைத்தாள். பிறகு தாளை எடுத்தாள். இந்தத் தடவை அதை அவர் பக்கம் தள்ளவில்லை. தன் மடியில் பையை வைத்து, அதன் மேல் தாளை வைத்துத் தானே எழுதினாள். என் புருஷன் வழியில் இந்தக் குடும்பத்துச் சொத்தில் எனக்கும் என் மகளுக்கும் எந்தப் பாத்தியதையும் வேண்டாம், எப்போதும் கேட்கமாட்டோம். கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு என்னைப் போடச் சொன்னாள். நான் தயங்கினேன். ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு ஒற்றையாக நிற்பவள், இருக்கிற ஒரு பிடியையும் இப்படிக் கைவிடலாமா என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

"போடும்மா. எனக்கு மண்ணு வேண்டாம். அவளுக்குப் பேர் வேணும்" என்றாள்.

போட்டேன். அந்த மனிதர் தாளை இரண்டு தடவை படித்தார். உள்ளே கொண்டுபோய் மனைவியிடமும் காட்டிவிட்டு வந்தார். பிறகு நாங்கள் கேட்டதை எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது அவருக்கே என்னவோ போல இருந்திருக்க வேண்டும். ஒரு சீப்பு மட்டிப்பழத்தை எடுத்து வந்து, "புள்ளைக்குக் குடுங்க" என்று என் கையில் திணித்தார்.

அங்கிருந்து நேரே நாகர்கோவில் தாலுகா ஆபீஸ். அங்கே இருந்த தாசில்தார் சின்ன வயதுக்காரர், நிதானமானவர். எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார். பூர்வீகம் இங்கேதான், அதில் சந்தேகமில்லை, ஆனால் நீங்கள் இந்த ஊரில் ஒருநாள்கூடக் குடியிருக்கவில்லையே, நான் எப்படிக் கொடுப்பேன் என்றார்.

"முடியாதுன்னு எழுதித் தாங்க சார்" என்றாள் அக்கா.

அவர் எழுதினார்.

அந்த ஏழெட்டு வருஷத்தில் ஒருவர் உண்மையிலேயே எழுதிக் கொடுத்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முத்திரையும் குத்தி நீட்டினார். நான் இடிந்துபோனேன். அக்கா அதை வாங்கிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். கைகூப்பி, "ரொம்ப நன்றி சார், ரொம்ப நன்றி" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, அவரு முடியாதுன்னுல்லா எழுதியிருக்காரு?"

"ஆமா. ஏன் முடியாதுன்னும் எழுதியிருக்கார். படி."

படித்தேன். மனுதாரரின் புருஷனுடைய குடும்பம் பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்தது என்பது விசாரணையில் தெரிகிறது. ஆனால் மனுதாரரும் மகளும் இந்தியாவுக்கு வந்த நாள் முதல் திருவனந்தபுரத்திலேயே நிரந்தரமாகக் குடியிருப்பதால், சான்று கொடுக்க வேண்டிய பொறுப்பு அவ்வூர்த் தாசில்தாரையே சேரும்.

பஸ்ஸில் வரும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து மட்டிப்பழம் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள். தக்கலை தாண்டும்போது வெளியே பார்த்து, "நல்ல ஊர்தான்" என்றாள்.

மறுநாள் கலெக்டரைப் பார்க்கப் போனோம். பட்டுச்சேலை கசங்கியிருந்தது, விடியற்காலையில் எழுந்து தேய்த்திருந்தாள். வெளியே பெஞ்சில் வெகுநேரம் இருந்தோம். உள்ளே போனதும் அக்கா இங்கிலீஷில் பேசினாள். எனக்கு முக்கால்வாசி புரியவில்லை. பிறகு அவள் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

"ஐயா, நாகர்கோவில்காரர்கள் என்னைத் தங்கள் ஊர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திருவனந்தபுரம்காரர்கள் வாயால்தான் சொல்கிறார்கள். அவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டால், எந்த ஊரும் இல்லாத ஒரு ஆளாக நான் உங்கள் முன்னால் வந்து நிற்பேன். அப்போது என்னை எங்கே அனுப்புவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்."

கலெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. நாகர்கோவில் தாளின் ஓரத்திலேயே ஏதோ எழுதினார். மகள் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டார். சொன்னதும், எழுந்து நின்று தாளைக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது சனிக்கிழமை மத்தியானம். திங்கட்கிழமை காலையில் நேர்முகம். கலெக்டரின் கையெழுத்தைப் பார்த்ததும் தாசில்தார் மறுபேச்சுப் பேசவில்லை. குமாஸ்தாவைக் கூப்பிட்டு உடனே போடச் சொன்னார். குமாஸ்தா தலையைச் சொறிந்தார்.

"சார், டைப்பிஸ்ட் லீவாணு. திங்களாழ்ச்சயே வரூ."

டைப்பிஸ்ட் லீவு. திங்கட்கிழமைதான் வருவார். இவ்வளவு தூரம் அலைந்தது இதற்காகவா என்று நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஓரத்தில் உறை போட்டு மூடியிருந்த மெஷினைப் பார்த்தாள். தாசில்தாரைப் பார்த்தாள்.

"சார், வாசகம் சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

தாசில்தார் ஒரு கணம் முழித்தார். பிறகு, "அடிக்கூ" என்று கையைக் காட்டினார்.

அக்கா உறையை எடுத்து மடித்து வைத்தாள். நாற்காலியைச் சரிசெய்து, பட்டுமுந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தாளுக்கு இடையில் கார்பன் வைத்து உருளையில் ஏற்றினாள். குமாஸ்தா பழைய சான்று ஒன்றைப் பார்த்து வாசித்தார். அவர் வாசித்து முடிக்கும் முன் அவள் அடித்து முடித்திருந்தாள். மற்ற மேஜைகளில் வேலை நின்றுவிட்டது. எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படபடவென்று ஓடிய விரல்கள் ஒரே ஓர் இடத்தில் நின்றன. இன்னார் மகள் இன்னார், திருவனந்தபுரத்துக்கு உரியவர் என்று வருகிற வரி. மகளின் பெயரை அடித்துவிட்டு அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். குமாஸ்தா, கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஊர்ப்பெயரை மட்டும் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

தாசில்தார் படித்துப் பார்த்தார். ஒரு பிழை இல்லை. கையெழுத்துப் போட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார். "எங்ஙளுடெ டைப்பிஸ்டினெக்காள் நந்நாயிட்டுண்டு" என்றார். எங்கள் டைப்பிஸ்டை விட நன்றாக இருக்கிறது. ஆபீசே சிரித்தது. முன்பு சாயா குடிக்க எழுந்து போன குமாஸ்தாதான் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வசந்தாவுக்கு இடம் கிடைத்தது. ஐந்து வருஷம் படித்து, நல்ல மார்க்கோடு வெளியே வந்து, மலைப்பக்கம் பாலம் கட்டும் வேலைக்குப் போனாள். கொஞ்ச காலத்தில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதெல்லாம் பின்னால் நடந்தது. எனக்கு அக்கா என்றால் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வரும்.

அன்று காலையில் அக்கா சாலைச் சந்தைக்குப் போய் மீனும் வாழைத்தண்டும் வாங்கி வந்தாள். எங்கள் வீட்டில் இடியாப்பம் பிழியும் உழக்கைக் கேட்டு வாங்கினாள். மத்தியானம் அவள் வீட்டிலிருந்து நாங்கள் யாரும் அதுவரை அறியாத ஒரு வாசனை வந்தது. மீனும் இஞ்சியும் வறுத்த கடலைமாவும் சேர்ந்த வாசனை. மொய்ங்கா என்று பர்மாவில் தெருவுக்குத் தெரு விற்கிற சாப்பாடாம். கிண்ணத்தில் இடியாப்பத்தை உதிர்த்துப் போட்டு, மீன் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க மேலே ஊற்றி, பொரித்த வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துக் கொடுத்தாள். லைன் வீடு முழுவதையும் கூப்பிட்டிருந்தாள். வசந்தா ஓடிப்போய் வீட்டுச் சொந்தக்காரரையும் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள். அவர் முதலில் சங்கடத்தோடு முற்றத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டதும் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். வெகுகாலத்துக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசினார்.

"இது ஏது நாட்டிலெ சாப்பாடா?"

"எங்க ஊர்ச் சாப்பாடு சார். ரங்கூன்" என்றாள் அக்கா.

வசந்தா கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே எங்களிடம் புகார் சொன்னாள். "வந்த நாளிலிருந்து கேக்கறேன் அத்தை. ஒருநாள் செஞ்சு தரலை. மறந்துபோச்சு மறந்துபோச்சும்பாங்க. இப்பப் பாருங்க, ஒண்ணுகூட மறக்கலை."

"மறக்கலைடி" என்றாள் அக்கா. "அதைச் செஞ்சா உட்கார்ந்து அழுதிருப்பேன். அழுதுட்டே இருந்தா யாரு ஆபீசுக்குப் போறது?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் துடைக்கவில்லை. தனக்கும் ஒரு கிண்ணம் போட்டுக்கொண்டு, எங்களுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். நடுநடுவே ரங்கூனைப் பற்றிச் சொன்னாள். ஆற்றங்கரையில் இதை விற்கிற கிழவி, கடைக்கு எதிரில் இருந்த மரம், மழையில் புருஷன் குடை பிடித்துக்கொண்டு கிண்ணத்தோடு நின்றது. சொல்லிச் சிரித்தாள், மறுபடியும் அழுதாள். நாங்கள் யாரும் அவளைத் தேற்றவில்லை. கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டோம். சட்டி ஒட்டக் காலியாகும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.